இடுப்புச் சுற்றளவு: நாம் பார்க்க வேண்டிய சிக்னல்

இந்த இதழுக்கு உடல்நலம் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டபோது, "நான் டாக்டர் இல்லையே, தண்டவாளம் பார்த்த ஆசாமிதானே" என்றேன். "அதனால்தான் உங்களைக் கேட்கிறோம் சார். டாக்டர் எழுதினால் பயந்துபோய்ப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்" என்று பதில் வந்தது. ஆகவே எனக்குத் தெரிந்ததை, தெரிந்த பாஷையில் எழுதுகிறேன்.

டிப்ளமா முடித்த கையோடு 1980-ல் தென்கிழக்கு ரயில்வேயில் சேர்ந்து, காரக்பூர் டிவிஷனில் பெர்மனன்ட் வே இன்ஸ்பெக்டராகப் பல ஆண்டுகள் லைனில் நடந்தவன் நான். பிறகு கார்டன் ரீச் தலைமை அலுவலகத்தில் நாற்காலி வேலை. 2018-ல் ஓய்வு பெற்றேன். பிராட்கேஜ் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள அகலம் 1676 மில்லிமீட்டர். அது சில மில்லிமீட்டர் விரிந்தாலே நோட்டுப் புத்தகத்தில் ஏறிவிடும். கேங்க்மேன்கள் சரிசெய்ய வந்துவிடுவார்கள். மனிதனுடைய இடுப்போ இருபது ஆண்டுகளில் இருபது சென்டிமீட்டர் விரிகிறது. தையல்காரரைத் தவிர வேறு யாரும் அதைக் குறித்து வைப்பதில்லை.

ஒரு பெயர், ஐந்து எண்கள்

டாக்டர்கள் 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' என்கிறார்கள். தமிழில் 'வளர்சிதை மாற்றக் கோளாறு' என்று எழுதுகிறார்கள். பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஜெரால்ட் ரீவன் என்பவர் 1988-ல் ஆற்றிய ஒரு சொற்பொழிவில், இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகிய தொல்லைகள் தனித்தனியாக வருவதில்லை, ஒரே வேரிலிருந்து கிளம்பிக் கூட்டாக வருகின்றன என்றார். அந்தக் கூட்டத்துக்கு 'எக்ஸ் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். பிற்பாடு உலக மருத்துவ அமைப்புகள் கூடி அதற்கு ஐந்து அளவுகோல்களை வகுத்தன. அவை இவை:

1. இடுப்புச் சுற்றளவு: நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல்.
2. இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு: 150 அல்லது அதற்கு மேல்.
3. நல்ல கொழுப்பான ஹெச்.டி.எல்.: ஆண்களுக்கு 40-க்குக் கீழ், பெண்களுக்கு 50-க்குக் கீழ்.
4. இரத்த அழுத்தம்: மேலே 130 அல்லது கீழே 85, அல்லது அவற்றைத் தாண்டியது.
5. வெறும் வயிற்றில் சர்க்கரை: 100 அல்லது அதற்கு மேல்.

இந்த ஐந்தில் ஏதாவது மூன்று இருந்தாலே அந்தக் கோளாறு இருப்பதாகக் கணக்கு. மாத்திரை சாப்பிட்டு எண் சரியாக இருந்தாலும் அது கணக்கில் சேரும். இதில் நான்குக்கு லேபரட்டரியோ மெஷினோ வேண்டும். முதலாவதற்கு வீட்டுத் தையல் பெட்டியில் இருக்கும் டேப் போதும்.

வெள்ளைக்காரர்களில் ஆண்களுக்கு 94 செ.மீ. என்று வைத்த கோட்டை நமக்கு மட்டும் 90-க்கு ஏன் இறக்கினார்கள்? காரணம் இருக்கிறது. பூனாவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004-ல் லான்செட் பத்திரிகையில் தங்கள் இருவருடைய புகைப்படத்தை வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடலில் கொழுப்பு வெள்ளைக்காரருக்கு நூற்றுக்கு 9.1, நம்மவருக்கு 21.2! பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. "நான் ஒல்லிதான், வயிறு மட்டும் கொஞ்சம்..." என்று சொல்லும் நண்பர்கள் இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குட்ஸ் யார்டில் என்ன நடக்கிறது?

எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையை வேகன்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரத்தம் மெயின் லைன். தசையும் கல்லீரலும் சரக்கு இறக்கும் கூட்ஸ் ஷெட்டுகள். கணையம் சுரக்கும் இன்சுலின்தான், ஷெட்டின் கதவைத் திறக்கச் சொல்லும் யார்டு மாஸ்டர்.

ஷெட்டில் சரக்கு காலியாகிக்கொண்டே இருந்தால் யார்டு சுலபமாக ஓடும். ஆள் உட்கார்ந்தே இருந்தால் தசையில் சரக்கு செலவாவதில்லை. ஷெட் நிரம்பிவிடுகிறது. யார்டு மாஸ்டர் சொல்வதைக் கேட்க ஆள் இல்லை. கணையம் இன்னும் இன்னும் இன்சுலினை அனுப்புகிறது. சில ஆண்டுகள் சமாளிக்கிறது. இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை நார்மல் என்றே வரும். அதற்குள் கல்லீரல், மிஞ்சிய சரக்கைக் கொழுப்பாக மாற்றி, தன்னிடமும் வயிற்றுக்குள் குடலைச் சுற்றியும் அடுக்கத் தொடங்கிவிடுகிறது. டிரைகிளிசரைடு ஏறுகிறது, நல்ல கொழுப்பு இறங்குகிறது, அழுத்தம் கூடுகிறது. கடைசியில் கணையம் களைத்துப்போனால் வேகன்கள் மெயின் லைனிலேயே நின்றுவிடும். அதுதான் நீரிழிவு.

இங்கேதான் உடற்பயிற்சியின் மகிமை. தசை வேலை செய்யும்போது, யார்டு மாஸ்டரின் உத்தரவுக்குக் காத்திராமல் தானே இன்னொரு கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். நடை நின்ற பிறகும் பல மணி நேரம் அந்தச் சௌகரியம் நீடிக்கும். ஓரிரு நாள் சும்மா இருந்தால் மெல்ல மறைந்துவிடும். அதனால்தான் தினமும் நடக்கச் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து கிலோமீட்டர் நடந்துவிட்டு ஆறு நாள் உட்கார்ந்திருந்தால் அந்தப் பலன் கிடைக்காது.

செங்கைல் ஜூட் மில் சொன்ன பாடம்

ஹௌராவிலிருந்து காரக்பூர் போகும் லைனில் பவுரியாவைத் தாண்டியதும் செங்கைல் என்று ஒரு சிறு ஸ்டேஷன். அந்தப் பக்கம் டிராலியில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். உலகப் புகழ் பெற்ற ஓர் ஆராய்ச்சி அந்த ஊரில் நடந்தது என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் மேயர், பூர்ணிமா ராய், மித்ரா என்ற இரு வங்காள ஆராய்ச்சியாளர்களுடன் சேர்ந்து, அங்குள்ள லட்லோ ஜூட் மில்லைச் சேர்ந்த இருநூறுக்கும் மேற்பட்ட ஆண்களின் சாப்பாட்டையும் எடையையும் கணக்கெடுத்து 1956-ல் வெளியிட்டார். கடை வைத்து நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவர்கள், மேற்பார்வையாளர்கள், குமாஸ்தாக்கள், மெக்கானிக்குகள், நெசவாளிகள், சாம்பல் சுமப்பவர்கள், நிலக்கரி அள்ளுபவர்கள் என்று வேலைக்கேற்ப வரிசைப்படுத்தினார்கள்.

கடின வேலை செய்பவர்கள் நிறையச் சாப்பிட்டார்கள், எடை கூடவில்லை. லேசான வேலை செய்பவர்கள் அதற்கேற்பக் குறைவாகச் சாப்பிட்டார்கள். அவர்களுக்கும் எடை கூடவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், உட்கார்ந்தே இருந்த கடைக்காரர்களும் மேற்பார்வையாளர்களும் லேசான வேலைக்காரர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடியிருந்தார்கள். அதாவது, உடலுழைப்பு ஓர் எல்லைக்குக் கீழே போய்விட்டால் பசிக்கு இருக்கும் கணக்குப் புத்தியே கெட்டுவிடுகிறது. "வேலை இல்லை, ஆகவே பசி இல்லை" என்று வயிறு சொல்வதில்லை. ஓய்வு பெற்றவர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். பதினோரு மணிக்கும் நான்கு மணிக்கும் சமையலறைப் பக்கம் கால் போவது பசியால் அல்ல.

இதே காலத்தில் லண்டனில் டாக்டர் ஜெரமி மோரிஸ் பஸ்காரர்களை ஆராய்ந்தார். ஒரு காலத்தில் நம் கல்கத்தாவிலும் ஓடிய மாதிரியான மாடி பஸ்கள். டிரைவர் உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் நாள் முழுதும் மாடிப்படி ஏறி இறங்குவார். ஊரும் சம்பள வர்க்கமும் ஒன்றுதான். ஆனால் கண்டக்டர்களைவிட டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று 1953-ல் வெளியிட்டார். 1956-ல் அவருடைய குழுவினர் செய்த இன்னொரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. கம்பெனி யூனிஃபார்ம் தைத்த அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பு, கண்டக்டர்களுடையதைவிடப் பெரிது. தையல்காரரின் நோட்டுப் புத்தகமே மருத்துவ ரிக்கார்டு ஆகிவிட்டது! மோரிஸ் 2009-ல் காலமானபோது அவருக்கு வயது 99.

என்னுடன் காரக்பூரில் இருந்த ஒரு கீமேன் நினைவுக்கு வருகிறார். சுத்தியும் ஸ்பானரும் சிவப்புக் கொடியுமாகத் தினமும் தன் பீட் முழுவதையும் நடந்து, ஒவ்வொரு சாவியையும் தட்டிப் பார்ப்பார். மத்தியானம் ஒரு மலை சோறு சாப்பிடுவார். ஓய்வு பெறும்போதும் சேர்ந்தபோது போட்ட பெல்ட்டுதான், அதே ஓட்டைதான். நாங்கள் இன்ஸ்பெக்டர்கள் டிராலி மேல் உட்கார்ந்து போவோம். டிராலிமேன்கள் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். யாருக்குத் தொப்பை விழுந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சென்னையில் நடந்த சோதனை

"நம் உடம்புக்கு இதெல்லாம் நடக்குமா? பரம்பரை ஆயிற்றே" என்று கேட்பவர்களுக்கு சென்னையிலேயே பதில் இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசற்படியில் இருந்த 531 பேரை நான்கு பிரிவாகப் பிரித்து மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். 2006-ல் முடிவு வெளியானது. வழக்கமான பொது ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் சொல்லித்தரப்பட்டவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் ஏறக்குறைய 40. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கும் அதே அளவுதான். நடைக்கும் உணவுக்கும் மாத்திரையின் பலம் இருக்கிறது என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? இத்தனைக்கும் அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. ஆகவே தராசு முள் நகரவில்லையே என்று யாரும் மனம் தளர வேண்டாம்.

ஃபின்லாந்தில் 2001-லும் அமெரிக்காவில் 2002-லும் வெளியான ஆராய்ச்சிகளில் இதே வழியில் நீரிழிவு வருவது நூற்றுக்கு 58 குறைந்தது. அமெரிக்கர்களுக்குக் கொடுத்த இலக்கு இரண்டே: எடையில் நூற்றுக்கு 7 குறைக்க வேண்டும், வாரம் 150 நிமிடம் நடக்க வேண்டும்.

நம் நாட்டின் நிலைமை சாதாரணமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய பெரிய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. அதன்படி சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசற்படியில். பெரியவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு மேல் வயிற்றுப் பருமன்.

என் சொந்தக் கணக்கு

2013-ல் ரயில்வே மருத்துவப் பரிசோதனையில் என் ஐந்து எண்கள் இப்படி இருந்தன: இடுப்பு 99, டிரைகிளிசரைடு 238, ஹெச்.டி.எல். 36, அழுத்தம் 142/90, வெறும் வயிற்றுச் சர்க்கரை 112. பார்த்த லேடி டாக்டர், "தாதா, ஒவ்வொன்றாகப் பார்த்தால் பெரிய வியாதி எதுவும் இல்லை. ஐந்தும் ஒரே ஆளிடம் இருப்பதுதான் வியாதி" என்றார். அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்து, மற்றதற்கு ஆறு மாதம் தவணை கொடுத்தார்.

பதினான்கு மாதத்துக்குப் பிறகு: இடுப்பு 92, டிரைகிளிசரைடு 160, சர்க்கரை 99, அழுத்தம் 128/82. ஹெச்.டி.எல். மட்டும் 39-க்கு மேல் ஏறவில்லை. அது பிடிவாதக்காரச் சரக்கு. மாத்திரை நிற்கவில்லை, டாக்டர் அளவைக் குறைத்தார். எடை 79 கிலோவிலிருந்து 73 ஆயிற்று. அற்புதம் ஒன்றும் இல்லை. ஆனால் இன்று வரை சர்க்கரை வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. என் அப்பாவுக்கு என் வயதில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தோம்.

நடை: எங்கே, எப்போது, எவ்வளவு

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. நாளுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள் என்று தொடங்கலாம். 'மிதமான' என்பதற்குச் சுலபமான அடையாளம்: பக்கத்தில் வருபவருடன் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

தென் கல்கத்தாவில் இருப்பவர்களுக்கு ரவீந்திர சரோவர் ஒரு வரப்பிரசாதம். நாம் இன்னும் 'லேக்' என்றுதான் சொல்கிறோம். கோடையில் ஐந்தரை மணிக்கே புறப்பட்டுவிட வேண்டும். எட்டு மணிக்குப் பிறகு இந்த ஊர்ப் புழுக்கத்தில் நடப்பது வீண் தண்டனை. டிசம்பர், ஜனவரியில் புகைமூட்டம் தரையோடு படிந்திருக்கும். அப்போது வெயில் ஏறிய பிறகு கிளம்புவது நுரையீரலுக்கு நல்லது. மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது வீட்டு வராந்தாவும் மாடிப்படியும் இருக்கின்றன. காரக்பூர் பிளாட்பாரம் 1072 மீட்டர். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்த் திரும்பினால் இரண்டு கிலோமீட்டர். வராந்தாவில் எத்தனை நடைக்கு அது சமம் என்று கணக்குப் போட்டு நடப்பது என் பொழுதுபோக்கு.

சாப்பிட்டவுடன் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடப்பது, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையை நன்றாக மட்டுப்படுத்தும். வங்காளிகள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் போடும் தூக்கத்துக்கு 'பாத் கூம்' என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் இங்கே இருந்து நாமும் அதைக் கற்றுக்கொண்டோம். தூங்குங்கள், ஆனால் பத்து நிமிடம் நடந்துவிட்டுத் தூங்குங்கள்.

நடை மட்டும் போதாது. வயது ஏற ஏறத் தசை கரைகிறது, ஷெட்டே சிறிதாகிவிடுகிறது. வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்குவது, இவற்றுக்குச் செலவே இல்லை.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. "நாள் முழுதும் வீட்டு வேலைதானே செய்கிறேன்" என்று என் மனைவியும் சொல்வாள். மிக்ஸியும் வாஷிங் மெஷினும் வேலைக்காரியும் வந்த பிறகு வீட்டு வேலை என்பது பெரும்பாலும் நின்ற இடத்து வேலை. நான்கு பெண்கள் சேர்ந்து மாலையில் லேக் பக்கம் நடந்தால் பேச்சுக்குப் பேச்சும் ஆயிற்று, உடம்புக்கு உடம்பும் ஆயிற்று. இப்போது அவள் குழுவில் ஏழு பேர். எங்கள் ஆண்கள் குழுவைவிட ஒழுங்காக வருகிறார்கள்.

இலையில் என்ன மாற வேண்டும்?

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் இருப்பது நமக்குத் தெரியும். மருந்தின் பெயர் எதுவும் அதில் வராது. முன்பு உண்டது செரித்ததா என்று பார்த்து, அளவறிந்து உண் என்பதையே வள்ளுவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

2025-ல் வந்த ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி, இந்தியர்களின் சராசரி உணவுச் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறது. தெற்கிலும் கிழக்கிலும் அதற்குப் பெரும் காரணம் வெள்ளை அரிசி. நாமோ தெற்கில் பிறந்து கிழக்கில் வாழ்கிறோம். இரண்டு பக்கமும் சோறு! காலையில் இட்லி, மத்தியானம் சாம்பார் சாதம், ரசம் சாதம், தயிர் சாதம், இரவில் தோசை. பெயர்கள் வேறு, அரிசி ஒன்று.

சோற்றை விட வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் ஆகியவற்றில் ஏதாவது, மீதிக் கால் பங்குதான் சோறு. எங்கள் வீட்டில் முதலில் காயைச் சாப்பிட்டுவிட்டுத்தான் சோறு போட்டுக்கொள்கிறோம். இதில் வங்காளிகள் நமக்கு முன்னோடி. அவர்கள் சாப்பாடு கசப்பான சுக்தோவில்தான் தொடங்கும்.

லேக் மார்க்கெட் நமக்குக் கொடுத்த வசதியை நாம் முழுதாகப் பயன்படுத்துவதில்லை. வாழைப்பூவை இவர்கள் 'மோச்சா' என்கிறார்கள், வாழைத்தண்டை 'தோர்', முருங்கைக்காயை 'ஷொஜ்னே டாட்டா', சிறு பாகற்காயை 'உச்சே'. பசலைக்கீரை 'புயி ஷாக்'. நம் பாட்டிமார் சமைத்ததெல்லாம் இங்கே கூடையில் இருக்கிறது. கேழ்வரகும் கம்பும் நம் கடைகளில் கிடைக்கின்றன. வாரம் மூன்று இரவு தோசைக்குப் பதில் கேழ்வரகு அடை, பயற்றம்பருப்பு அடை. ஆனால் சிறுதானியமும் மாவுச்சத்துதான். தினை என்றால் இரண்டு தட்டு சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. பழத்தில் பாருய்பூர் கொய்யாவுக்கு இணை இல்லை. ஜூஸ் பிழியாமல் கடித்துச் சாப்பிட வேண்டும்.

சர்க்கரைக்கு ஒரு சிறு கணக்கு. நாளுக்கு ஐந்து காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பத்து ஸ்பூன், 40 முதல் 50 கிராம். சேர்க்கும் சர்க்கரை நாளுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருப்பது மேல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரசகுல்லாவும் நொலேன் குட் சந்தேஷும் இன்னும் கணக்கில் வரவில்லை! நான் காபியை இரண்டாக்கி, சர்க்கரையை அரை ஸ்பூனாக்கினேன். சந்தேஷை விட மனமில்லை. பனிக்காலத்தில் வாரம் ஒன்று. உப்பு நாளுக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், மிக்ஸ்சர் மூன்றும் ஒரே நாளில் வந்தால் அந்தக் கணக்கு உதைக்கும். ஒரு தடவை பொரித்த எண்ணெயை மறுபடி காய்ச்சிப் பொரிக்க வேண்டாம்.

கவனமாக இருக்க வேண்டியவை

சர்க்கரை, அழுத்தம், இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே நடையை ஆரம்பிக்க வேண்டும். இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு நடக்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். பையில் நான்கு மிட்டாய் இருக்கட்டும். நீரிழிவுக்காரர்கள் வெறுங்காலில் நடக்கக் கூடாது. எண்கள் சரியாகிவிட்டன என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. பாகற்காய்ச் சாறு குடித்து இன்சுலினை நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் அவரைத் தூரத்தில் வையுங்கள். எடை குறைக்கும் புது ஊசிகள் வந்திருக்கின்றன. யாருக்கு வேண்டும் என்பது டாக்டரின் முடிவு. அவற்றைப் போட்டுக்கொண்டாலும் நடையும் உணவும் விலகுவதில்லை. சிகரெட்டும் ஜர்தாவும் இருக்கும் வரை மற்ற முயற்சிகளில் பாதி வீண்.

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வியர்வையோடு மூச்சுத் திணறல் வந்தால் அந்த நிமிடமே நின்று ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எங்கள் நடைக்குழுவில் ஒருவருக்கு 2022-ல் இது நடந்தது. பெஞ்சில் உட்கார்ந்து "வாயுதான், சரியாகிவிடும்" என்றார். பிள்ளைகள் இருவரும் அமெரிக்காவில், வீட்டில் மனைவி மட்டும். அவர் பேச்சைக் கேட்காமல் டாக்சியில் ஏற்றினோம். ஒரு மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கியதால் பிழைத்தார். இப்போது மெதுவாக நடக்கிறார். தனியாக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் மனைவி இன்னும் கேட்கிறார்.

அதைக் கேட்ட பிறகுதான் இந்த ஊரில் நம் குடும்பங்களின் நிலை எனக்கு உறைத்தது. முன்பு ஒரு வீட்டில் மூன்று தலைமுறை இருந்தது. இன்று பல வீடுகளில் இரண்டு முதியவர்கள், ஒரு டெலிபோன். பிள்ளைகள் பெங்களூரிலும் நியூஜெர்சியிலும். நமக்கு ஒன்று என்றால் முதலில் ஓடி வருபவர் பக்கத்து வீட்டு வங்காளியோ, சங்கத்து நண்பரோதான்.

சங்கத்துக்கு மூன்று யோசனைகள்

ஒன்று: விழாப் பந்தியில் இரண்டு இனிப்புக்குப் பதில் ஓர் இனிப்பும் ஒரு சுண்டலும் கூடுதலாக ஒரு பொரியலும் வைக்கலாம். பாயசம் கேட்டவருக்கு மட்டும். 'இன்னும் கொஞ்சம்' என்று வற்புறுத்தும் உபசாரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

இரண்டு: ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு நடைக்குழு. ஒருவர் சொல்லாமல் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். அதற்கு ஒரு பொறுப்பாளர்.

மூன்று: பொங்கல் விழாவன்று அரங்க வாசலில் ஒரு மேசை. இடுப்பளவும் இரத்த அழுத்தமும் பார்த்து ஆளுக்கொரு அட்டையில் எழுதித் தரலாம். சங்கத்தில் உள்ள டாக்டர்கள் இருவர் ஏற்கெனவே சம்மதித்துவிட்டார்கள். வீட்டிலேயே அளப்பவர்கள் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, மூச்சை வெளியே விட்ட பிறகு பார்க்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுப்பது செல்லாது.

அந்த மேசையில் டேப்போடு நான் உட்கார்ந்திருப்பேன். அடுத்த பொங்கலுக்கும் அதே அட்டையை எடுத்துக்கொண்டு வாருங்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிடலாம்.